கழற்றி வைக்கக்கூடிய பத்து நிமிடங்கள்: ஹாலிவுட்டின் பழைய இசைக் குறும்படங்களில் யாருக்கு இடம் கிடைத்தது?

கேள்வி இதுதான்: 1920களின் இறுதியிலிருந்து 1940களின் நடுப்பகுதிவரை அமெரிக்க ஸ்டுடியோக்கள் எடுத்துக் குவித்த பத்து நிமிட, இருபது நிமிட இசைக் குறும்படங்களைப் பார்த்தால், அதே காலத்து முழுநீளப் படங்களில் வேலைக்காரியாகவும் சுமைதூக்கியாகவும் மட்டுமே தலைகாட்டும் கறுப்பினத்தவர்கள் இங்கே நடுமேடையில் நின்று பாடுகிறார்கள், வாசிக்கிறார்கள், ஆடுகிறார்கள், அப்படியானால் ஹாலிவுட்டின் இந்த ஒரு மூலை மட்டும் மற்றதைவிடத் தாராள மனத்தோடு இருந்ததா? பிற சிறுபான்மையினருக்கும் பெண்களுக்கும் அங்கே என்ன இடம் இருந்தது?

சுருக்கமான விடை, இல்லை என்பதுதான். குறும்படம் மலிவானது, நியூயார்க்கிலேயே எடுக்க வசதியானது, எல்லாவற்றுக்கும் மேலாக, வேண்டாம் என்றால் நிகழ்ச்சியிலிருந்து கழற்றி வைத்துவிடக்கூடியது. கறுப்பினக் கலைஞர்களுக்குக் கதவைத் திறந்துவிட்டது இந்தக் கடைசிக் குணந்தான். உள்ளே வந்தவர்கள் எவ்வளவு தூரம் நடக்கலாம் என்று கோடு கிழித்ததும் அதுவேதான். ஆனால் இத்தோடு நிறுத்திக்கொண்டால் அந்தப் படங்களுக்கு அநியாயம் செய்தவர்களாவோம். கோட்டுக்குள் நின்றுகொண்டே சில கலைஞர்களும் ஒன்றிரண்டு இயக்குநர்களும் செய்துகாட்டியவற்றைத் தனித்தனியே எடுத்துப் பார்க்க வேண்டும்.

முதலில் குறும்படம் என்ற சரக்கு எப்படி விற்பனையானது என்பதைப் புரிந்துகொள்வது நல்லது. அக்காலத் திரையரங்கில் ஒரு டிக்கெட்டுக்கு ஒரு படம் மட்டும் ஓடவில்லை. செய்திப்படம், கார்ட்டூன், ஒரு ரீல் அல்லது இரண்டு ரீல் குறும்படம், அதன்பின் முழுநீளப் படம் என்று மாலைப்பொழுது முழுவதையும் நிரப்பும் கதம்பமாக நிகழ்ச்சி அமைந்தது. ஒரு ரீல் என்றால் ஏறத்தாழப் பத்து நிமிடம். அடிக்கடி மாறும் இந்தக் கதம்பத்துக்குச் சரக்கு தந்துகொண்டே இருக்க வேண்டியிருந்ததால், வார்னர் பிரதர்ஸ் வைட்டாஃபோன் என்ற முத்திரையில் புரூக்ளினில் இருந்த ஸ்டுடியோவிலும், பாரமவுண்ட் அதே நியூயார்க்கின் அஸ்டோரியாவிலும் குறும்படங்களை வரிசையாக எடுத்தன. ஹாலிவுட் படங்கள் என்று நாம் சொன்னாலும் இவற்றில் பல ஹாலிவுட்டை எட்டிப் பார்க்காதவை. பிராட்வே நாடக மேடையின் நடிகர்களும், கறுப்பினத்தவர் வாழ்ந்த நியூயார்க் பகுதியான ஹார்லெமின் விடுதிகளில் ஆடியவர்களும் பகலில் கேமரா முன் நின்றுவிட்டு இரவில் தங்கள் மேடைக்குத் திரும்பிவிட முடிந்தது.

ஹார்லெம் பகுதியின் காட்டன் கிளப் இந்தக் கதையில் முக்கியமான இடம். கறுப்பின ஜாஸ் இசையமைப்பாளர் டியூக் எலிங்டனின் இசைக்குழு 1927 டிசம்பரில் அங்கே வாசிக்கத் தொடங்கியது. வானொலி ஒலிபரப்பு அந்த இசையை நாடெங்கும் கொண்டுபோயிற்று. வானொலியில் கேட்ட பெயரைத் திரையில் முகமாகக் காட்டினால் கூட்டம் வரும் என்பது எந்த முதலாளிக்கும் புரியும் கணக்கு. அந்தக் கிளப்பில் ஆடியவர்கள், பாடியவர்கள், வாசித்தவர்கள் அனைவரும் கறுப்பினத்தவர். மேசைகளில் அமர்ந்து குடித்தவர்கள் வெள்ளையர். கறுப்பினத்தவர் வாடிக்கையாளராக உள்ளே நுழைய முடியாது. மேடைமேல் ஒரு நிறம், மேடைக்குக் கீழே இன்னொரு நிறம் என்ற அந்த ஏற்பாடு பின்னால் குறும்படங்களுக்கும் அப்படியே இறங்கி வந்தது.

தென் மாநிலங்களின் கதை வேறு. இனப் பிரிவினைச் சட்டங்கள் நடைமுறையில் இருந்த ஊர்களில் கறுப்பினத்தவர் திரையில் சமமாகத் தோன்றுவதே தணிக்கையாளர்களுக்கு உறுத்தியது. டென்னசி மாநிலத்து மெம்ஃபிஸ் நகரில் 1950களின் நடுப்பகுதிவரை தணிக்கைக் குழுவுக்குத் தலைமை தாங்கிய லாயிட் பின்ஃபோர்டு, கறுப்பினக் கலைஞர்கள் வரும் காட்சிகளை வெட்டி எறிவதில் பேர்போனவர். கறுப்பு, வெள்ளைக் குழந்தைகள் ஒரே வகுப்பில் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதற்காகவே 1947இல் ஒரு நகைச்சுவைப் படத்தைத் தடைசெய்தவர். முழுநீளப் படத்தில் ஒரு கறுப்பின நடிகருக்கு முக்கியப் பாத்திரம் கொடுத்தால் தெற்கு முழுவதிலும் வசூல் போய்விடும் என்று ஸ்டுடியோக்கள் அஞ்சின. குறும்படத்தில் அந்த அச்சம் இல்லை. பிடிக்காத திரையரங்குக்காரர் அந்த ஒரு ரீலைப் பெட்டியிலேயே வைத்துவிட்டு மற்றவற்றை ஓட்டிக்கொள்ளலாம்.

பேசும்படத்தின் பிறப்பே இசைக் குறும்படங்களோடுதான் நடந்தது. 1926 ஆகஸ்ட் 6 அன்று நியூயார்க்கில் வைட்டாஃபோன் ஒலிப்பட முறை முதன்முதலாகக் காட்டப்பட்டபோது முழுநீளப் படத்துக்கு முன்னால் ஓபரா பாடகர்களும் வயலின் மேதைகளும் வந்த குறும்படங்கள் ஓடின. ஒலி, படச்சுருளில் இல்லை. 16 அங்குல இசைத்தட்டில் இருந்தது, அது நிமிடத்துக்கு முப்பத்து மூன்றும் மூன்றில் ஒரு பங்கும் சுற்றுகள் என்ற வேகத்தில் சுழன்றது. ஊசி நடுவிலிருந்து விளிம்பை நோக்கி நகரும். தட்டின் லேபிளில் சிறு கட்டங்கள் அச்சிடப்பட்டிருக்கும். ஒவ்வொரு முறை ஓட்டியதும் ஆப்பரேட்டர் ஒரு கட்டத்தில் குறியிட வேண்டும், கட்டங்கள் தீர்ந்தால் தட்டைத் தூக்கிப் போட வேண்டும். இதனால் படம் ஓரிடத்திலும் தட்டு வேறிடத்திலுமாகச் சிதறி, பல குறும்படங்கள் ஊமையாகவோ குருடாகவோ மிஞ்சின. 1991இல் தொடங்கிய வைட்டாஃபோன் புராஜெக்ட் என்ற ஆர்வலர் குழு தட்டுகளைத் தேடிப் படங்களோடு சேர்த்துவைத்த பிறகுதான் அவற்றில் பலவற்றை நாம் பார்க்க முடிகிறது. இன்று காணக்கிடைப்பவை, அன்று எடுக்கப்பட்டவற்றின் எச்சமே என்பதை எந்த முடிவுக்கு வரும்போதும் மறக்கக் கூடாது.

அந்த 1926ஆம் ஆண்டிலேயே அல் ஜால்சன் ஒரு வைட்டாஃபோன் குறும்படத்தில் தோன்றினார். முகத்தில் கரி பூசிக்கொண்டு, கிழிந்த ஆடையில், தென்னாட்டுப் பண்ணைக் குடிசையின் முன் நின்று மூன்று பாட்டுப் பாடுகிறார். வெள்ளையர் கரி பூசிக் கறுப்பினத்தவராக நடிக்கும் இந்த மேடை வழக்கம் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே வேரூன்றியது. தமிழில் 'முகத்தில் கரி பூசுவது' என்றால் அவமானப்படுத்துவது. அமெரிக்க மேடையில் கரியைப் பூசிக்கொண்டவன் ஒருவன், அவமானம் இன்னொருவனுக்கு. ஜால்சன் மகா திறமைசாலி என்பதில் எனக்கு ஐயமில்லை, அவர் யூதக் குடியேறிக் குடும்பத்துப் பிள்ளை என்பதும் கவனிக்கத்தக்கது. ஆனால் நோபிள் சிசில், யூபி பிளேக் என்ற இரு கறுப்பினக் கலைஞர்கள் கரி இல்லாமல், நாகரிகமான உடையில், பியானோவோடு பாடுவதை லீ டி ஃபாரஸ்ட் 1923லேயே தம் ஒலிப்படக் கருவியில் பதிவுசெய்துவிட்டார். வழி தெரியாமல் யாரும் கரியைப் பூசவில்லை.

இனி 1929க்கு வருவோம். டட்லி மர்ஃபி என்ற இயக்குநர் அந்த ஆண்டில் அடுத்தடுத்து இரண்டு குறும்படங்கள் எடுத்தார். முதலாவது 'செயின்ட் லூயிஸ் ப்ளூஸ்'. கறுப்பினத்தவரின் துயரப் பாட்டு வகையான ப்ளூஸில் பேர்பெற்ற பாடகி பெஸ்ஸி ஸ்மித் நடித்த ஒரே படம் இது; 1937இல் அவர் விபத்தில் இறந்துபோனதால், அவர் வாயசைத்துப் பாடுவதை இன்று கண்ணால் பார்க்க இந்தப் பதினாறு நிமிடங்களைத் தவிர வேறு கதியில்லை. கதை என்று பார்த்தால் சூதாட்டம், ஜின், காதலியை ஏமாற்றி அவள் பணத்தில் வாழும் ஆண் என்று வெள்ளையர் கற்பனையில் ஹார்லெம் எப்படி இருந்ததோ அப்படியே இருக்கிறது. காதலனிடம் உதைபட்டுத் தரையில் கிடக்கும் பெஸ்ஸி கிடந்தபடியே பாடத் தொடங்குகிறார். காட்சி மாறும்போது ஒரு மதுக்கடையின் நீண்ட மேடையருகே கையில் பீரோடு நிற்கிறார், குரல் நிற்கவில்லை. சுற்றி மேசைகளில் இருப்பவர்கள் வெறும் குடிகாரர்கள் அல்லர், ஹால் ஜான்சன் பாடகர் குழுவினர். அவர் ஓர் அடி பாட, தேவாலயத்தில் எழும் மறுகுரல்போல அவர்கள் திரும்பப் பாடுகிறார்கள். பாடலை இயற்றிய டபிள்யூ. சி. ஹேண்டியே இசைக்குப் பொறுப்பேற்றிருந்தார். கதை அந்தப் பெண்ணை எவ்வளவு கீழே தள்ளுகிறதோ அவ்வளவுக்கு மேலே அந்தக் குரல் அவரைக் கொண்டுபோய் நிறுத்துகிறது.

இரண்டாவது 'பிளாக் அண்ட் டான்'. கறுப்பரும் வெள்ளையரும் சேர்ந்து உட்காரக்கூடிய விடுதிகளுக்கு அந்நாளில் வழங்கிய பெயர் அது. படம் ஓர் எளிய வாடகை அறையில் தொடங்குகிறது. டியூக் எலிங்டன் என்ற தம் சொந்தப் பெயரிலேயே வரும் எலிங்டன் பியானோ முன் அமர்ந்து, டிரம்பெட் கலைஞர் ஆர்தர் வெட்சலுக்குத் தம் புதிய இசையமைப்பைச் சொல்லிக்கொடுக்கிறார். தவணை கட்டாத பியானோவைத் தூக்கிப்போக இருவர் வருகிறார்கள். இந்த இருவரும் பழைய மேடைக் கோமாளிகளின் வார்ப்பு: ஒருவருக்கு எழுத்துக்கூட்டவே தெரியாது, இருவரும் ஒரு பாட்டில் ஜின்னுக்கு மசிந்து, வீட்டில் யாரும் இல்லை என்று சொல்லிவிடுவதாக ஒப்புக்கொண்டு போய்விடுகிறார்கள். எலிங்டன் அந்தச் சிரிப்பில் பங்கெடுக்கவே இல்லை. கோட்டு சூட்டோடு, தாழ்ந்த குரலில், தம் வேலையில் கண்ணாக இருக்கிறார். ஒரே அறைக்குள் இரண்டு விதச் சித்திரிப்புகள் எதிரெதிரே நிற்கின்றன. கறுப்பின இசையமைப்பாளர் ஒருவரைச் சிந்திக்கிறவராக, கலையில் மூழ்கியவராக அமெரிக்கத் திரை காட்டியதற்கு இதைவிட முந்தைய சான்றை நான் பார்த்ததில்லை.

கதாநாயகியாக வரும் ஃபிரெடி வாஷிங்டனுக்கு இது முதல் படம். இதயநோய் உள்ள அவர், எலிங்டனுக்கு வேலை கிடைக்க வேண்டும் என்பதற்காக மருத்துவர் தடுத்தும் ஆடி, மேடையில் சரிந்து விழுகிறார். விடுதி முதலாளி அடுத்த ஆட்டத்தை உடனே தொடங்கச் சொல்கிறார். எலிங்டன் பாதியில் நிறுத்தி, குழுவை அழைத்துக்கொண்டு எழுந்து போய்விடுகிறார். பிறகு மரணப் படுக்கை. அவள் கேட்டபடி குழுவும் பாடகர்களும் சுற்றி நின்று வாசிக்க, கேமரா அவள் கண்ணாக மாறி எலிங்டனின் முகம் மங்கிக்கொண்டே போகிறது. அந்த இசைத்துண்டின் முடிவில் ஷோபெனின் சாவு ஊர்வல இசை எட்டிப் பார்க்கும். கதைக்கு அந்தச் சில நொடிகளே மூலமாக இருந்திருக்கும் போலும். அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் தேசியத் திரைப்படப் பதிவேட்டில் 'செயின்ட் லூயிஸ் ப்ளூஸ்' 2006லும் இது 2015லும் சேர்க்கப்பட்டன.

ஃபிரெடி வாஷிங்டனின் பின்கதையைச் சொல்லாமல் நகர முடியாது. அவர் மிக வெளிர்ந்த நிறத்தவர். நான்கே ஆண்டுகள் கழித்து, 1933இல், அதே டட்லி மர்ஃபி இயக்கிய 'தி எம்பரர் ஜோன்ஸ்' என்ற முழுநீளப் படத்தில் கறுப்பின நடிகர் பால் ரோப்சனோடு அவர் நடித்தபோது, கறுப்பின ஆணை ஒரு வெள்ளைப் பெண் தழுவுவதுபோலத் திரையில் தெரிகிறது என்ற அச்சத்தில் அவர் உடலுக்குக் கருமை பூசி எடுத்தார்கள். கறுப்பினப் பெண்ணுக்கே கறுப்பு பூச வேண்டியிருந்தது. குறும்படத்தில் இயல்பான நிறத்தோடு ஆடிய நடிகை, முழுநீளப் படத்துக்குப் போனதும் சாயம் பூசிக்கொள்ள வேண்டியதாயிற்று என்ற இந்த ஒரு விவரமே இரண்டு வடிவங்களுக்கும் இடையிலிருந்த வேறுபாட்டைச் சொல்லிவிடும்.

மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். 1932இல் பாரமவுண்ட் வெளியிட்ட 'எ ராப்சடி இன் பிளாக் அண்ட் ப்ளூ' குறும்படத்தில், வீட்டுவேலை செய்யாமல் வாளியைத் தட்டித் தாளம் போட்டுக்கொண்டிருக்கும் கணவனை மனைவி துடைப்பக்கட்டையால் தலையில் போடுகிறாள். மயக்கத்தில் அவன் ஜாஸ்மேனியா என்ற நாட்டுக்கு அரசனாகிறான். அவனுக்காக வாசிக்க வருபவர் லூயி ஆம்ஸ்ட்ராங். உலகின் தலைசிறந்த டிரம்பெட் கலைஞருக்குச் சிறுத்தைத்தோல் கட்டிவிட்டு, முழங்காலளவு சோப்பு நுரையில் நிறுத்தியிருக்கிறார்கள். முதன்முறை பார்த்தபோது என்னால் நுரையைத்தான் பார்க்க முடிந்தது. இரண்டாம் முறை ஆம்ஸ்ட்ராங்கின் கண்களைப் பார்த்தேன். பாடும்போது பல்லைக் காட்டி, விழியை உருட்டி, எதிர்பார்க்கப்படும் வேடிக்கையெல்லாம் செய்கிறார். டிரம்பெட்டை உதட்டில் வைத்த கணத்தில் அந்த முகம் அப்படியே மறைந்துபோய், உடல் இறுகி, வேறு ஒரு ஆள் நிற்கிறார். உடையும் நுரையும் அவர் தேர்ந்தவை அல்ல, ஊதுவது மட்டுமே அவருடையது. அந்த எல்லையை அவரே கோடு போட்டுக் காட்டுகிறார் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது, இதை மிகையான வாசிப்பு என்பாரும் உண்டு.

அடுத்த ஆண்டு வைட்டாஃபோன் வெளியிட்ட 'ரூஃபஸ் ஜோன்ஸ் ஃபார் பிரசிடென்ட்' இன்னும் சிக்கலானது. பாடகி ஈத்தல் வாட்டர்ஸ் தாய். ஏழு வயது சாமி டேவிஸ் ஜூனியர் மகன். அழும் பிள்ளையை மடியில் போட்டு, இந்த நாட்டில் யார் வேண்டுமானாலும் ஜனாதிபதி ஆகலாம் என்று தாய் தேற்றுகிறாள். பிள்ளை தூங்கிக் கனவில் ஜனாதிபதி ஆகிவிடுகிறது. பிறகு வருவதெல்லாம் நக்கல்: ஓட்டுப் போட்டால் பன்றி இறைச்சித் துண்டு, செனட் சபையில் தாயக்கட்டை, தர்பூசணி, சவரக்கத்தி. கறுப்பினத்தவர் ஆட்சிக்கு வந்தால் இப்படித்தான் இருக்கும் என்று தேர்தல் அரசியலைச் சொல்லிச் சிரிக்க வைத்த அந்தக் காலத்தில், தென் மாநிலங்களில் பெரும்பாலான கறுப்பினத்தவர் ஓட்டுப் போடவே முடியாமல் இருந்தார்கள். அதே படத்தில்தான் அந்தச் சிறுவன் பெரிய மனிதனின் தோரணையோடு டாப் நடனம் ஆடுவதும், ஈத்தல் வாட்டர்ஸ் தம் வாழ்நாளின் மிகச் சிறந்த குரல்வளத்தோடு பாடுவதும் இருக்கின்றன. இதைத் தூக்கி எறிவதா, வைத்துக்கொள்வதா என்று கேட்பவர்களுக்கு என் பதில், வெட்டாமல் முழுதாகப் பார்க்க வேண்டும் என்பதே. பாட்டை மட்டும் நறுக்கி எடுத்துக்காட்டினால் அவர்கள் எதற்கு நடுவே நின்று பாடினார்கள் என்பது மறைந்துபோகும்.

அந்தப் படத்தை இயக்கிய ராய் மேக் 1932இல் எடுத்த 'பை, பை, பிளாக்பர்ட்', நடனக் கலைஞர்களான நிக்கலஸ் சகோதரர்களின் முதல் படம். தம்பி ஹரால்டுக்கு அப்போது பதினொரு வயதுகூட நிரம்பியிருக்குமோ என்னவோ. பெரிய பலகாரம் ஒன்று பிளந்து, உள்ளே யூபி பிளேக்கின் இசைக்குழு சமையற்காரத் தொப்பிகளோடு உட்கார்ந்திருக்கும். ஆட்டத்தின் சூட்டில் எல்லாம் தீப்பற்றி, கடைசியில் எலும்புக்கூடுகள் தாளம் பிசகாமல் ஆடும். இந்தக் கூத்தை அலச எனக்கு மனமில்லை, ஆட்டம் அத்தனை நன்றாக இருக்கிறது.

1934 ஜூலை முதல், ஹாலிவுட் தனக்குத்தானே வகுத்துக்கொண்ட தணிக்கை விதிகளான தயாரிப்பு நெறிமுறைகள் கறாராக நடைமுறைக்கு வந்தபின், கறுப்பர் வெள்ளையர் இடையிலான காதல் உறவைக் காட்டுவது எழுத்துப்பூர்வமாகவே விலக்கப்பட்டிருந்தது. இந்தச் சூழலில் 1935இல் பாரமவுண்ட் வெளியிட்ட 'சிம்பனி இன் பிளாக்' ஓர் அதிசயம். இயக்குநர் ஃபிரெட் வாலர் பின்னாளில் சினிராமா என்ற அகன்ற திரையைக் கண்டுபிடித்தவர். எலிங்டனுக்குக் கறுப்பின வாழ்வைப் பற்றிய சிம்பனி ஒன்று எழுதித் தரும்படி கடிதம் வருகிறது. அவர் தம் ஸ்டுடியோவில் அமர்ந்து எழுதுகிறார். அவர் எழுத எழுத உழைப்பாளிகள், காதல் முக்கோணம், துயர வழிபாடு, ஹார்லெம் ஆட்டம் என்று நான்கு பகுதிகளாகக் காட்சிகள் விரிகின்றன. படம் முழுவதிலும் வசனமே இல்லை என்று சொல்லிவிடலாம். ஆகவே கோமாளி வசனமும் இல்லை. காதலனால் தெருவில் தள்ளப்பட்டு விழுந்த நிலையிலேயே ஓர் இளம்பெண் பாடுகிறாள். அவள் பாடகி பில்லி ஹாலிடே, இருபது வயதை எட்டாதவர் அல்லது அப்போதுதான் எட்டியவர். பெஸ்ஸி விழுந்துகிடந்து பாடியதை இது நினைவூட்டாமல் போகாது. பெண் கீழே விழுந்தால்தான் ப்ளூஸ் வரும் என்று இந்த இயக்குநர்கள் நம்பினார்கள் போலிருக்கிறது.

பிற இனத்தவரின் கதையைச் சுருக்கமாகவே சொல்லலாம், ஏனெனில் அங்கே கொடுக்கப்பட்டது அதைவிடச் சுருக்கம். 1934இல் ஆர்.கே.ஓ. வெளியிட்ட 'லா குகராச்சா', மூவண்ண டெக்னிகலரில் நடிகர்களை வைத்து எடுத்த முதல் படங்களுள் ஒன்று. நகைச்சுவைக் குறும்படத்துக்கான ஆஸ்கர் விருதையும் பெற்றது. கதை மெக்சிகோவின் மதுக்கடையில் நடக்கிறது. மெக்சிகோப் பெண்ணாக நடித்த ஸ்டெஃபி டூனா ஹங்கேரியில் பிறந்தவர். கடைக்காரராக வந்த பால் போர்க்காசி சிசிலித் தீவுக்காரர். அடுத்த ஆண்டே எம்.ஜி.எம். எடுத்த ஒரு வண்ணக் குறும்படத்தில், கலிபோர்னியாவின் ஸ்பானிய மரபைக் கொண்டாடும் திருவிழாவில் அதே பாட்டைப் பாடியவர்கள் பதின்மூன்று வயது ஜூடி கார்லண்டும் அவருடைய அக்காமாரும். பாட்டும் பாவாடையும் நிறங்களும் மெக்சிகோவிலிருந்து வந்தன, ஆட்கள் வரவில்லை. சீன அமெரிக்க நடிகை அன்னா மே வோங், சீனக் குடும்பத்தைப் பற்றிய பெரும்படம் ஒன்றின் நாயகி வேடம் ஜெர்மனியில் பிறந்த நடிகைக்குப் போய், அந்தப் படம் வெளிவந்த அதே 1937இல், எம்.ஜி.எம்.மின் சீன பாணி விருந்துக் குறும்படம் ஒன்றில் தாமாகவே வந்துபோகிறார்.

பெண்கள் வாத்தியம் வாசிப்பதைக் காட்டியதில் குறும்படங்கள் முழுநீளப் படங்களை விஞ்சின என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஐனா ரே ஹட்டன் நடத்திய மெலோடியர்ஸ் என்ற முழுமையான பெண்கள் குழுவைப் பாரமவுண்ட் 1930களின் நடுவில் பல குறும்படங்களில் காட்டியது. விளம்பரம் முழுவதும் அவருடைய பொன்னிறக் கூந்தலைப் பற்றியும் உடைகளைப் பற்றியும்தான். டிரம்பெட்டும் டிராம்போனும் வாசித்த பெண்களின் பெயர்கள் பெரும்பாலும் சொல்லப்படவில்லை. அவர் மறைந்து பல ஆண்டுகள் கழித்து, சிறுவயது மக்கள்தொகைக் கணக்கெடுப்புப் பதிவுகளில் அவர் கறுப்பின வழித்தோன்றலாகக் குறிக்கப்பட்டிருந்தது தெரியவந்தது. வாழ்நாள் முழுவதும் வெள்ளையராகவே அறியப்பட்டவர். இதற்கு நேர் எதிராக, மிசிசிப்பியின் ஒரு பள்ளியில் உருவான இன்டர்நேஷனல் ஸ்வீட்ஹார்ட்ஸ் ஆஃப் ரிதம் என்ற குழுவில் கறுப்பினப் பெண்களோடு சீன வழியினரும் வெள்ளையரும் வாசித்தார்கள். தென் மாநிலங்களில் சுற்றும்போது போலீஸ் கண்ணில் படாமலிருக்க வெள்ளைப் பெண்கள் முகத்துக்குக் கருமை பூசிக்கொண்டார்கள். 1946இல் அவர்கள் திரையிலும் தோன்றினார்கள்.

திரையரங்குக்கு வெளியேயும் ஒரு சந்தை இருந்தது. சிகாகோவின் மில்ஸ் நாவல்டி நிறுவனம் 1940இல் பானோரம் என்ற நாணயப் பெட்டியை மதுக்கடைகளிலும் பேருந்து நிலையங்களிலும் வைத்தது. பத்து சென்ட் போட்டால் மூன்று நிமிடப் பாட்டு ஒன்று ஓடும். எட்டுப் படங்கள் ஒரே சுருளில் வட்டமாகச் சுற்றியதால் எந்தப் பாட்டு வரும் என்று தேர்ந்தெடுக்க முடியாது. சவுண்டீஸ் எனப்பட்ட இவற்றில் 1942இல் வந்த ஒன்றில், ஜீன் குரூப்பாவின் வெள்ளையர் குழுவோடு கறுப்பின டிரம்பெட் கலைஞர் ராய் எல்ட்ரிட்ஜ் நிற்கிறார். பாடகி அனிட்டா ஓடே அவரோடு கிண்டலாகப் பேசி, அவர் பதில் பேசி, பிறகு ஊதுகிறார். ஒரு வெள்ளைப் பெண்ணும் ஒரு கறுப்பின ஆணும் சமமாக நின்று விளையாட்டாகப் பேசிக்கொள்ளும் அந்த அரை நிமிடத்தை அதே ஆண்டின் பெரிய ஸ்டுடியோப் படங்களில் தேடினால் கிடைக்காது.

கழற்றி வைக்கும் வசதி இதற்குள் முழுநீளப் படங்களுக்கும் பரவியிருந்தது. எம்.ஜி.எம். ஒப்பந்தத்தில் இருந்த கறுப்பினப் பாடகி லீனா ஹோர்னின் பாட்டுகளைக் கதையோடு ஒட்டாமல் தனியாக எடுத்துப் படத்தில் செருகினார்கள். தெற்கே போகும் பிரதியில் அந்தத் துண்டை வெட்டினாலும் கதையில் ஓட்டை விழாது.

ஒரே சட்டகத்துக்குள் யார் பக்கத்தில் யார் நிற்கலாம் என்ற கேள்விக்கு மிகக் கூர்மையான விடை 1944இல் வார்னர் வெளியிட்ட 'ஜாமின் தி ப்ளூஸ்' படத்தில் இருக்கிறது. லைஃப் பத்திரிகையின் புகைப்படக்காரர் ஜியோன் மிலி இயக்கினார். இசைக்குப் பொறுப்பு நார்மன் கிரான்ஸ். முதல் காட்சியில் கறுப்பின் மேல் வெளிச்ச வளையங்கள் மட்டும் தெரியும். மெல்ல அவை அசைந்து, குனிந்திருக்கும் ஒருவரின் தொப்பி என்று புலப்படும். லெஸ்டர் யங் தலை நிமிர்வார், சிகரெட் புகை எழும், சாக்ஸபோன் உதட்டுக்குப் போகும். சிறுத்தைத்தோல் இல்லை, பலகாரம் இல்லை, கனவு இல்லை, துடைப்பம் இல்லை. இசைக் கலைஞர்கள் வாசிப்பதைத் தவிர வேறு கதையே கிடையாது. மேரி பிரயன்ட் பாடுகிறார், பிறகு ஆர்ச்சி சாவேஜோடு ஆடுகிறார். எலிங்டனின் அந்த வாடகை அறையில் பதினைந்து ஆண்டுகளுக்கு முன் தொடங்கியது இங்கே நிறைவெய்தியது என்று நான் கருதுகிறேன்.

ஆனால் அந்தக் குழுவில் ஒரே ஒருவர் வெள்ளையர்: கிட்டார் கலைஞர் பார்னி கெஸல். கலப்புக் குழுவைத் திரையில் காட்ட ஸ்டுடியோ தயங்கியது. கிரான்ஸ் அவரை விட்டுக்கொடுக்க மறுத்தார். கடைசியில் கெஸலை நிழலில் நிறுத்தினார்கள். விரல்கள் தந்தியில் ஓடும் நெருக்கக் காட்சிக்கு மட்டும் அவர் கைகளில் பழச்சாற்றைத் தேய்த்துக் கருமையாக்கினார்கள். படத்தை நிறுத்தி நிறுத்திப் பார்த்தால்கூட அந்தக் கை யாருடையது என்று சொல்ல முடியாது. ஒரு ரீல் குறும்படப் பிரிவில் அது ஆஸ்கருக்குப் பரிந்துரைக்கப்பட்டது. விருது, விலங்குகளைப் பேசவைத்து வேடிக்கை காட்டிய ஒரு படத்துக்குப் போயிற்று.